கூரையோடு பூட்டாதே

மகள், உன் கம்பனியின் தடித்த உறை போன வெள்ளிக்கிழமை கொழும்பு பஸ்ஸில் வந்து சேர்ந்தது. கூடவே சாக்கில் சுற்றிக் கட்டிய அலுமினியச் சட்டமும் வந்தது. உன் அம்மா உறையைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்துவிட்டு, "ஆரோ நல்ல இடத்திலயிருந்து சாதகம் அனுப்பியிருக்கினம்" என்று முகம் மலர்ந்தார். பிரித்தால் பதினாறு பக்கம் ஆங்கில ஒப்பந்தம். கடைசிப் பக்கத்தில் என் பெயர், பெயருக்கு முன்னால் 'திரு', பெயருக்குக் கீழே 'முகவர், திருகோணமலை மாவட்டம்', அதற்கும் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கலியாண அழைப்பிதழ் தவிர வேறெதிலும் எனக்கு யாரும் 'திரு' போட்டதில்லை. வாசிக்க முன்னரே அதைச் சலூன்காரருக்கும் தேத்தண்ணிக் கடைக்காரருக்கும் பக்கத்து மருந்துக் கடைக்காரருக்கும் காட்டிவிட்டேன். மருந்துக் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். பிறகுதான் ரேடியோவும் ஃபானும் திருத்துகிற என் கடையில் வந்து கதிரையில் இருந்து வாசித்தேன். என் ஆங்கிலம் ரேடியோப் பெட்டிகளின் பின்பக்கத்தில் படித்த ஆங்கிலம், உனக்குத் தெரியும். ஆனாலும் ஏழாம் பிரிவு விளங்கியது. விளங்கின பிறகு, காட்டின மூன்று பேரிடமும் திரும்பிப் போய், நான் ஒன்றும் காட்டவில்லை என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

எனக்குக் கோபம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ வழக்கம்போல அப்பா பகிடி விடுகிறார் என்று நினைத்துக்கொண்டு வாசிப்பாய். நான் கோபம் வந்தால் சத்தம் போடுகிற ஆள் இல்லை. பகிடி விட்டு வழுக்கிக்கொண்டு போகிற ஆள். உன் அம்மாவோடு இருபத்தெட்டு வருஷம் அப்படித்தான் ஓடியது. இந்தக் கடிதத்திலும் பகிடி வரும், அது என் வாயின் வியாதி, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வரும். இதன் பிரதி ஒன்றை உன் கம்பனிப் பெரியவர்களுக்கும் அனுப்புகிறேன். தமிழ் தெரியாதவர்களுக்கு நீயே வாசித்துச் சொல். ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை. இருந்ததைத்தான் இவ்வளவு காலமும் ஒளித்துவிட்டேனே.

ஏழாம் பிரிவு சொல்வது இதுதான், நான் பிழையாக விளங்கியிருந்தால் திருத்து. உங்கள் சோலர் தகட்டை வீட்டுக்காரரின் கூரையில் இந்தச் சட்டத்தால் பூட்டுவீர்கள். பூட்டுக்கு ஒரு தனிச் சாவி. சாவி கம்பனியிடம். கம்பனியின் ஆள் இல்லாமல் வீட்டுக்காரர் தகட்டைக் கழற்ற முயன்றால் உள்ளே ஒரு சின்ன எலக்ட்ரோனிக் சில்லு எல்லாவற்றையும் நிறுத்திவிடும், உத்தரவாதமும் போய்விடும். காரணமும் எழுதியிருக்கிறீர்கள்: இந்தப் பிரதேசத்து மக்கள் தகட்டை நாள்தோறும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள், பொருளைப் பற்றிய அறிவின்மையே அதற்குக் காரணம், இது உள்ளூரில் தொழில் அனுபவமுள்ள ஒருவர் தந்த தகவல். அந்த ஒருவர் யார் என்று தேடி நான் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. சலூன் கண்ணாடியில் பார்த்தாலே போதும், என் முகம்தான்.

உன் வேலை கெட்ட வேலை என்று நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால் என் நாக்கு அழுகும். எங்கள் கடைக்கு முன்னால் ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் நின்று பார்த்தால் துறைமுகம் முழுக்க வெளிச்சம். கப்பல் இல்லாத மேடைக்கும் வெளிச்சம், காவலுக்கு யாரும் இல்லாத மதிலுக்கும் வெளிச்சம். குடாவுக்கு அக்கரையில் இருக்கிற சனம் அந்த வெளிச்சத்தைத் தூரத்திலிருந்து பார்த்தபடி, ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி போட்டு, மண்ணெண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றி எரித்தது. மண்ணெண்ணெய் வர ஏலாத காலத்தில் அதுவும் இல்லை. பற்றறி கொண்டுபோனால் ஆமிக்காரர் பிடிப்பார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் மற்றவர் ரேடியோச் செய்தி கேட்பார். செய்தி கெட்ட செய்தியாக இருந்தால் சுற்றுகிறவர் நிறுத்திவிடுவார். அந்த வீடுகளுக்கு ஒரு சின்னத் தகடு, இரண்டு விளக்கு, ரேடியோவுக்கு ஒரு துளை, மண்ணெண்ணெய்க்குப் போகிற காசுக்கு மேல் ஒரு சதமும் மாதக் கட்டணமாகக் கேட்பதில்லை என்று நீ கணக்குப் போட்டு முன்வைத்தபோது, நான் உன்னை நினைத்து மூன்று நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஓர்ஸ் ஹில்லில் ஜெனரேற்றர் வைத்திருக்கிற அந்தக் கந்தோர்க்காரர், அதுதான், கறண்ட் போனால் ஊருக்கே கேட்கட்டும் என்று அதைக் கேற்றடியில் வைத்து இழுத்துவிடுகிறவர், அதன் சத்தத்தால் பெண்சாதி தாய் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் வராமல் இருந்தாரே, அவரிடம்கூட வலியப் போய்ச் சொன்னேன்: என் மகளின் விளக்கு சத்தம் போடாது.

ஆனால் எங்களை 'வளர்ந்துவரும் சந்தை' என்று எழுதியிருக்கிறாய். அது உன் சொல் இல்லை, கம்பனிச் சொல் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ பிறந்து வளர்ந்த காலத்தில் இங்கே எந்தச் சந்தை வளர்ந்தது? எரிந்ததை நீயும் பார்த்தாய். நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது நாங்கள் வீட்டைவிட்டு ஓடி, கோயில் மடத்தில் பதினொரு நாள் படுத்தோம். அம்மா தையல் மெசினின் தலையைக் கழற்றித் துவாயில் சுற்றிப் பிள்ளைபோல இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். மடத்தில் இருந்த நாட்களிலும் அதை வைத்து ஆட்களுக்குத் தைத்துக் கொடுத்து அரிசி வாங்கினார். அந்த மெசின் தலை இரண்டு திருகாணியில் கழன்று வராமல் இருந்திருந்தால் நீ அந்தப் பதினொரு நாளும் என்ன சாப்பிட்டிருப்பாய்? இதை உன்னிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் அதே கேள்வியை என்னிடம் நான் கேட்காமல் விட்டதுதான் இந்தக் கடிதத்தின் கதை.

அந்தக் கருவாட்டுப் பகிடி உனக்கு நினைவிருக்கும். பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்தபோது குசினியில் வைத்துச் சொன்னேன். நீ சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது. சமாதானம் வருவதற்கு முந்திய வருஷம், கிண்ணியாவில் வண்டியையும் சனத்தையும் ஏற்றி இழுக்கிற மிதவைப் 'பாதை'யில் கடந்து அப்பால் ஒரு கரையோரக் கிராமத்தில் பத்து வீடுகளுக்கு ஒரு உதவி நிறுவனம் சோலர் தகடு கொடுத்தது. பூட்டும் வேலை எனக்கு. நாலு முத்திரை குத்திய கடிதத்தோடு பற்றறிகளையும் தகடுகளையும் ஏற்றிக்கொண்டு போனேன். சென்றிக் காவலரணில் நின்ற ஆமிக்காரப் பொடியன் தகட்டைத் தூக்கிப் பார்த்து, அதில் தன் முகம் தெரிந்ததும் சீப்பை எடுத்துத் தலைவாரிக்கொண்டு, போகலாம் என்று கையைக் காட்டினான். இவ்வளவும் பகிடியின் முன்பாதி. பின்பாதி, இரண்டு கிழமை கழித்து, பற்றறி நிறையவில்லை என்று முறைப்பாடு வந்து நான் போய்ப் பார்த்தது. பாக்கியம் என்று ஒருவரின் வீடு. புருஷன் துரை கடற்தொழில். முற்றத்தில் பாய் விரித்து, பாயில் கருவாடு பரப்பி, கருவாட்டுக்கு நடுவே என் தகடு வயர் கழன்றபடி படுத்திருந்தது. அதன் மேல் ஒரு காகம்.

"பாக்கியம், இதென்ன?"

"தகடு."

"தகடெண்டு தெரியுது. ஏன் கீழ கிடக்கு?"

"காயுது."

"கூரையில வைக்கச் சொன்னனான் எல்லோ?"

"வைச்சனாங்கள். பின்னேரம் இறக்கி உள்ள வைப்பம், விடிஞ்சா முத்தத்தில. கருவாடும் காயுது, தகடும் காயுது. ரெண்டுக்கும் ஒரே வெயில்தானே அண்ணை?"

இந்த இடத்தில்தான் நான் பகிடியை முடிப்பேன். நீ சிரித்தது இந்த இடத்தில். சலூனில், தேத்தண்ணிக் கடையில், இரண்டு கலியாண வீட்டில், ஒரு செத்த வீட்டில்கூட இதைச் சொல்லியிருக்கிறேன். செத்த வீட்டில்தான் அதிகம் சிரித்தார்கள். ஆனால் பாக்கியம் அந்த இடத்தில் நிறுத்தவில்லை. இன்னொரு வசனம் சொன்னார். "கைக்கெட்டின தூரத்தில கிடந்தாத்தான் அண்ணை எங்கட சாமான்." அதை நான் பகிடியிலிருந்து வெட்டிவிட்டேன். அந்த வசனம் வந்தால் சிரிப்பு இறங்கிவிடுகிறது. பகிடி சொல்கிறவனுக்கு எதை எங்கே வெட்ட வேண்டும் என்று தெரியும். அந்தக் கெட்டித்தனம் எனக்கு நிறைய. நீ ஏழாம் பிரிவில் எழுதிய 'அறிவின்மை' நான் வெட்டிய அந்தத் துண்டிலிருந்து முளைத்தது. மூன்று தரம் ஊர்விட்டு ஓடிய ஒரு பெண், நாலாம் தரத்துக்கு ஆயத்தமாகத் தன் பொருளை நாள்தோறும் கைக்குக் கிட்ட எடுத்து வைக்கிறார். அது அறிவின்மை என்றால் அறிவு எது என்று உன் கம்பனியில் யாராவது எனக்குச் சொல்லட்டும்.

நான் அன்றைக்கு என்ன செய்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. கருவாட்டு மணத்தோடு கடைக்குத் திரும்பி வந்து, அடுத்த கிழமை வெல்டிங் சாமானோடு மறுபடியும் போனேன். பத்து வீட்டிலும் தகட்டைக் கூரை மரத்தோடு இரும்புச் சட்டத்தில் பூட்டி, நட்டுத் தலைகள் எல்லாவற்றையும் வெல்டிங் பிடித்து மூடினேன். இனி இதைக் கழற்ற வேண்டுமென்றால் கூரையைத்தான் கழற்ற வேண்டும் என்று சொல்லிச் சிரித்தேன். துரை கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணை, ஒரு நட்டையெண்டாலும் விடுங்கோவன்" என்றார். நான் விடவில்லை. எனக்கு என் வெல்டிங்கில் பெருமை. நேரான கோடு, ஒரு பொட்டுக்கூடச் சிந்தாமல். பற்றறிகள் நன்றாக நிறைந்தன என்பதையும் சொல்ல வேண்டும். உதவி நிறுவனத்தார் வந்து பார்த்து, படம் எடுத்து, என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். பாக்கியத்தின் மகள் விளக்கில் படித்தாள், பாக்கியம் விளக்கில் வலை பின்னினார். எல்லாம் சரி. நாலு மாதம் எல்லாம் சரி.

பிறகு ஒரு காலை, பத்து மணிக்குக் கிட்ட, ஷெல் விழத் தொடங்கியது. எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் இரண்டு கதை இருக்கிறது. கேட்கிற ஆளைப் பார்த்துத்தான் சனம் பதில் சொல்லும். எல்லாரும் கிண்ணியாப் பக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். துரை முதலில் வள்ளத்தடிக்கு ஓடினார். எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்து, றோட்டில் நின்ற தமையனிடம் கொடுத்தார். அவ்வளவு பாரமான சாமான், வாயில் தண்ணீர் விட்டு விழுங்குகிற நேரத்தில் கழன்று வந்துவிட்டது. அதே கெதியில் தகட்டையும் எடுத்துவிடலாம் என்று நட்டுக் கழற்றுகிற சாவியோடு கூரையில் ஏறினார். சாவி பிடிக்க நட்டு இல்லை. என் நேரான கோடுதான் இருந்தது. சுத்தியலால் அடித்திருக்கிறார். பாக்கியம் கீழே நின்று, "விடுங்கோ, இறங்குங்கோ, சனமெல்லாம் போயிட்டுது" என்று கத்தியிருக்கிறார். துரை ஒரு அடி, இன்னும் ஒரு அடி என்று அடித்துக்கொண்டே நின்றிருக்கிறார். கிட்ட ஒன்று விழுந்த அதிர்ச்சியில் ஓடு உடைந்து, ஆள் கீழே. இடுப்பு எலும்பு முறிந்தது. கதவைக் கழற்றி அதில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு கழன்றது, மகள். அந்த வீட்டில் என் தகட்டைத் தவிர எல்லாம் கழன்றது.

கிண்ணியா ஆஸ்பத்திரிக்கு நான் போனேன். ஒரு பேணிப் பால்மாவும் நாலு தோடம்பழமும் கொண்டு. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பாதையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே வசனம் பாடமாக்கினேன். கட்டிலடிக்குப் போனதும் துரை என்னைக் கண்டு எழும்பப் பார்த்தார், ஏலாமல் திரும்பச் சாய்ந்தார். பாக்கியம் கதிரையை எனக்குத் தள்ளிவிட்டுச் சுவரோடு நின்றார்.

"அண்ணை," என்றார் துரை, "உங்கட வெல்டிங் நல்ல வெல்டிங்."

நான் சிரித்தேன். மகள், நான் சிரித்தேன். அவர் பகிடி விட்டார் என்று எடுத்துக்கொண்டு, "ஓம், அதுக்குத்தான் காசு தந்தவை" என்று பதில் பகிடியும் விட்டேன். பாக்கியம் சிரிக்கவில்லை. தோடம்பழம் ஒன்றை எடுத்து உரிக்கத் தொடங்கினார். பாடமாக்கிய வசனம் வயிற்றுக்குள்ளேயே கிடந்தது. அரை மணித்தியாலம் மீன் விலையைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்துவிட்டேன். துரையின் ஒரு கால் இப்போது கட்டை. வள்ளத்தில் எழும்பி நிற்க ஏலாது, நின்றால் வலை இழுக்க ஏலாது. தமையன் அந்த எஞ்சினோடு கடலுக்குப் போகிறார். துரை கரையில் இருந்து வலை தைக்கிறார். நான் அதற்குப் பிறகும் கருவாட்டுப் பகிடியைச் சொன்னேன். குசினியில் உனக்குச் சொன்னது அதற்குப் பிறகுதான். இதை எழுதுவதற்கு எனக்கு ஒரு முழுக் கிழமை எடுத்தது. உன் அம்மாவுக்கே போன ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னேன். அவர் எழும்பிப் போய்க் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏழாம் பிரிவை வாசித்ததும் எனக்கு வந்த முதல் கோபம் உன் மேல். இரண்டாவது உன் கம்பனி மேல். இரண்டும் பொய்க் கோபம், நல்ல கோபம் மூன்றாவதாக வந்தது. என் கைவேலையைத்தான் நீ பதினாறு பக்கத்தில், சாவியும் சில்லும் வைத்து, பத்து வீட்டுக்குப் பதில் முந்நூறு வீட்டுக்குச் செய்யப் பார்க்கிறாய். தகப்பன் முட்டாள்தனத்தைச் சில்லறையாகச் செய்தான், மகள் மொத்த வியாபாரமாகச் செய்கிறாள். அதனால் போன திங்கட்கிழமை கடையைச் சாத்திவிட்டு, நீ அனுப்பிய சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பாதை ஏறினேன்.

பாக்கியத்தின் வீட்டுக் கூரை இப்போது பாதி ஓடு, பாதி ஓலைக் கிடுகு. துரை முற்றத்தில் இருந்து வலை தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்கோ அண்ணை, இண்டைக்கு ஆரை ஒட்ட வந்தனீங்கள்?" என்றார். நான் சட்டத்தைப் பாயில் வைத்தேன். பாக்கியம் அதைத் தூக்கி, புரட்டி, பூட்டுத் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மீனின் செவுளைப் பார்க்கிற மாதிரி.

"இது எப்பிடிக் கழறும்?"

"இதுக்கு ஒரு சாவி இருக்கு. கம்பனியிட்ட."

"கம்பனி எங்க?"

"கொழும்பில."

பாக்கியம் துரையைப் பார்த்தார். "கேட்டீங்களே? ஷெல் விழேக்க கொழும்புக்கு ஆளனுப்பிச் சாவி எடுக்கட்டாம்."

"பஸ்ஸுக்குக் காசும் தருவினமோ தெரியாது," என்றார் துரை.

"இப்ப சமாதானம்தானே, பாக்கியம்," என்றேன். ஏன் சொன்னேனோ தெரியாது, உன் கம்பனிக்கு வக்கீலாக நிற்க ஒரு ஆள் வேண்டும் என்று நினைத்தேனாக்கும்.

"ஓம் அண்ணை. சமாதானம்தான்." கதவு மூலையைக் காட்டினார். அங்கே ஒரு பை, வாய் கட்டி, தோளில் மாட்ட நாடா வைத்து. உள்ளே காணி உறுதி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதிகள், ஒரு மாற்றுச் சட்டை. "சமாதானத்தோட சமாதானமா அதுவும் கிடக்கு. இந்தத் தெருவில அது இல்லாத வீடு ஒண்டு காட்டுங்கோ, நான் உங்கட சட்டத்தை வாங்கிறன். வாங்கிப்போட்டு ஓடேக்க என்ன செய்யிற, வீட்டையும் சேர்த்துத் தூக்கிறதோ?"

எனக்கு அந்த இடத்தில்தான் வசனம் வந்தது. ஆஸ்பத்திரியில் வராமல் போன வசனம். "துரை, அண்டைக்கு நீர் ஒரு நட்டு விடச் சொன்னீர். நான் விடேல்ல. உம்மட கால் என்ர பிழை." இவ்வளவுதான். பாடமாக்கியது இதைவிட நீளமாக இருந்தது. துரை ஊசியை வலையில் குத்தி வைத்தார். "தெரியும்தானே அண்ணை," என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் பொய், எதிர்பார்த்தேன். பிறகு அவர் தரையில் விரலால் கீறத் தொடங்கினார். "எஞ்சினை வள்ளத்தில எப்பிடிப் பூட்டுறம்? ரெண்டு திருகாணி, ரெண்டுக்கும் பெரிய காது. கையால திருகினாப் பூட்டு, கையால திருகினாக் கழட்டல். கடல் எவ்வளவு அடிச்சாலும் அது அசையாது. காத்துக்கு அசையாமல் தகடு நிக்கிறதுதானே உங்களுக்கு வேணும்? கம்பனிக்காரர் ஒருக்காலும் வள்ளத்தைப் பார்க்கேல்லையோ?"

நானும்தான், மகள், வாழ்நாள் முழுக்கத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு கடை வைத்திருக்கிறேன். ஆயிரம் எஞ்சின்கள் தோளில் ஏறி என் கடையைத் தாண்டிப் போயிருக்கின்றன. கடலுக்குப் போகிறவன் எவனும் எஞ்சினை வள்ளத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. அது தொழில் முறை. அதை அறிவின்மை என்று எழுத இதுவரை எந்த எஞ்சின் கம்பனிக்கும் துணிவு வரவில்லை, எஞ்சினைக் கழற்றுவதற்கு ஏற்ற மாதிரித்தான் செய்து விற்கிறார்கள். செவ்வாயும் புதனும் கடையில் இருந்து, உன் சட்டத்தின் பூட்டை வாளால் அறுத்து எறிந்துவிட்டு, துரை கீறிக் காட்டியபடி இரண்டு காதுத் திருகாணி வைத்தேன். வெல்டிங் தேவைப்பட்டது, கோடு இந்த முறை நேராக வரவில்லை. வியாழக்கிழமை கடையில் கிடந்த பழைய தகடு ஒன்றோடு கொண்டுபோய்த் தாழ்ந்த பக்கக் கூரையில், வாங்குப் பலகையில் ஏறினால் எட்டுகிற உயரத்தில் பூட்டினோம். பாக்கியம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். நான் வாய்விட்டு எண்ணினேன். முப்பது எண்ணும்போது தகடு அவருடைய கக்கத்தில் இருந்தது, பை தோளில் இருந்தது, அவர் வேலிப் படலையடியில் நின்றார். நான் கைதட்டினேன்.

"கூட," என்றார் துரை.

"என்ன கூட?"

"முப்பது கூடிப்போச்சு அண்ணை. மழைக்குக் கை வழுக்கும். காதை இன்னும் பெரிசாக்குங்கோ. வயரைப் பிடுங்கிறதுக்கும் ஒரு இழுவைதான் இருக்க வேணும், ரெண்டில்லை." உன் ஆராய்ச்சிப் பிரிவில் இப்படி ஒரு ஆள் இருக்கிறாரா?

உன் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். கழற்றக்கூடிய தகடு ஓடிப்போய்விடும், கட்டணம் முடியாமலே காணாமல் போய்விடும், கடன் தருகிற வங்கி முகம் சுளிக்கும். ஓடத்தான் செய்யும். சனத்தோடு ஓடும், பற்றறியும் விளக்கும் கூடவே. சனம் போய்ச் சேர்கிற பள்ளிக்கூட முற்றத்தில் அடுத்த நாள் வெயிலில் கிடக்கும், அங்கே இருபது குடும்பம் அதன் வெளிச்சத்தில் சோறு காய்ச்சும். அப்படிப்பட்ட விளக்குக்குச் சனம் எந்த முகாமில் இருந்தாலும் உன் ஆளைத் தேடி வந்து கட்டணம் கட்டும். தன் மெசின் தலையை உன் அம்மா வைத்திருந்த மாதிரி வைத்திருக்கும். கூரையோடு பூட்டியது கூரையோடு போகும். ஆளில்லாத ஊரில் நின்று எரிகிற விளக்குக்கு யாரிடம் காசு கேட்பாய்? இதை வியாபாரம் தெரிந்த உன் பெரியவர்களுக்கு ஃபான் திருத்துகிற நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்பதும் என் கோபத்தில் ஒரு பங்கு. ஓடுவது எங்கள் பழக்கம் இல்லை, மகள். ஓட வைத்தார்கள். நீ செய்கிற பொருள் அதை அறிந்ததாக இருக்க வேண்டும். சமாதானம் நிலைத்து, ஒருவரும் ஒருக்காலும் ஓடாமல், அந்தத் திருகாணிகள் துருப்பிடித்து இறுகிப்போனால் நான் கற்பூரம் கொளுத்துவேன். ஆனால் அந்த நம்பிக்கையை நீ பாக்கியத்தின் கூரையில் வைத்துப் பூட்டி, சாவியைக் கொழும்பில் வைத்திருக்கக்கூடாது.

ஒப்பந்தத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கோட்டுக்கு மேலே கையெழுத்து இல்லை. பயப்படாதே, கிழிக்கவும் இல்லை, 'திரு' போட்ட காகிதத்தைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதம் முதல் பெட்டிகள் பாதை ஏறும் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு முன்னர் ஒரு நாள் நீ வர வேண்டும். உன் மேலாளரைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் சரி. கிண்ணியாவுக்கு நான் கூட்டிப் போகிறேன். பாக்கியம் உனக்குக் கதிரை போடுவார், தேத்தண்ணி தருவார், துரை பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு இருப்பார். அவர்களுக்கு முன்னால் இருந்து ஏழாம் பிரிவை நீ வாசி. ஆங்கிலத்தில் இல்லை, தமிழில், உன் வாயால், 'அறிவின்மை' என்ற சொல்லையும் விடாமல். வாசித்து முடித்த பிறகும் அந்த இரண்டு பேரின் முகத்தைப் பார்த்து, "அப்பா, போடுங்கோ" என்று உன்னால் சொல்ல முடிந்தால், பேனை என் சட்டைப் பையில் இருக்கும். அந்த இடத்திலேயே போட்டுத் தருகிறேன்.

அப்பா